பிரஷர் மாத்திரையும் நம் சாப்பாடும்: புதிதாக மாத்திரை தொடங்கியவர்களுக்கு

எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே வருடத்தில் பிரஷர் வந்தது. ஆளுக்கு வேறு வேறு மாத்திரை. தண்டையார்பேட்டையில் நாங்கள் இருக்கும் தெருவில் யோசனைக்குப் பஞ்சமில்லை. எதிர்வீட்டு ஆயா வாழைப்பழம் நிறையச் சாப்பிடச் சொன்னார். கீழ்வீட்டு அண்ணன் வாழைப்பழத்தைத் தொடவே கூடாது என்றார். கைபேசிக்கு வந்த ஒரு பட்டியலில் இளநீர் கட்டாயம் குடிக்க வேண்டியது, இன்னொன்றில் குடிக்கவே கூடாதது. டாக்டர்களையும் மருந்தாளுநர்களையும் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் விஷயம் தெளிந்தது. ஆயா சொன்னதும் சரி, அண்ணன் சொன்னதும் சரி. ஆனால் இரண்டும் வேறு வேறு மாத்திரைக்கு. உப்பைத் தவிர, பிரஷர் உள்ள எல்லாருக்கும் பொதுவான ‘சாப்பிடக் கூடாத பட்டியல்’ என்று ஒன்று இல்லை. உங்கள் மாத்திரை எது, உங்கள் கிட்னி எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் உங்கள் பட்டியல்.

அந்தப் பட்டியலை எப்படித் தயார் செய்வது என்பதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தவோ கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள். டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்கத்தான் இது.

1. மாத்திரையின் பெயரைப் படியுங்கள்

“காலையில ஒரு வெள்ளை, ராத்திரி ஒரு மஞ்சள்” என்று சொன்னால் எந்த டாக்டராலும் சாப்பாடு பற்றிப் பதில் சொல்ல முடியாது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கடையில் வாங்கியது என்றால் கம்பெனி வைத்த பெயர் பெரிதாகவும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் சின்ன எழுத்திலும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்தச் சின்ன எழுத்து. அரசு மருத்துவமனையில் கொடுக்கும் அட்டையில் பெரும்பாலும் மருந்தின் பெயர் மட்டுமே இருக்கும். படிக்க முடியாவிட்டால் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். கடையில் அரை அட்டை வெட்டிக் கொடுக்கும்போது பெயர் இருக்கும் பக்கம் அவர்களிடமே தங்கிவிடும். பெயர் தெரிகிற மாதிரி வெட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பெயரின் கடைசிப் பகுதியை வைத்து அது எந்த வகை என்று கண்டுபிடித்துவிடலாம்.

‘டிபின்’ என்று முடிந்தால் (ஆம்லோடிபின், நிஃபெடிபின், சில்னிடிபின்) ரத்தக் குழாயைத் தளர்த்தும் வகை. ‘சார்டன்’ என்று முடிந்தால் (டெல்மிசார்டன், லோசார்டன்) ஒரு வகை. ‘பிரில்’ என்று முடிந்தால் (எனலாபிரில், ராமிபிரில்) அதற்கு அண்ணன் தம்பி முறை. ‘லால்’ என்று முடிந்தால் (அட்டெனலால், மெட்டோபிரலால்) இதயத் துடிப்பைக் குறைக்கும் வகை. மற்றது நீர் மாத்திரை: ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், ஃபுரோசமைடு. ஸ்பைரோனோலாக்டோனும் நீர் மாத்திரைதான், ஆனால் பொட்டாசியம் விஷயத்தில் அது மற்றவற்றுக்கு நேர் எதிர். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரைகள் இப்போது அதிகம். கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ‘ஏ.எம்.’ என்று இருந்தால் பெரும்பாலும் ஆம்லோடிபின் சேர்ந்திருக்கிறது. ‘ஹெச்’ என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு. இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. சுகாதார நிலையத்தில் கொடுத்த ஆம்லோடிபினைப் போட்டுக்கொண்டே, தனியார் டாக்டர் எழுதிய ‘ஏ.எம்.’ மாத்திரையையும் போடுபவர்கள் நிறையப் பேர். ஒரே மருந்து இரண்டு முறை உள்ளே போகிறது. கால் வீங்குகிறது, தலை சுற்றுகிறது, பழி சாப்பாட்டின் மேல் விழுகிறது. இரண்டு இடத்தில் வைத்தியம் பார்த்தால் ஒரு இடத்து மாத்திரையை இன்னொரு இடத்தில் கட்டாயம் காட்டுங்கள்.

2. எங்கே போவது, என்ன கொண்டு போவது, எவ்வளவு செலவாகும்

வடசென்னையில் பிரஷருக்காகக் கைக்காசு செலவழித்தே தீர வேண்டும் என்பதில்லை. உங்கள் வார்டுக்கான மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். பெரிய சோதனை, கிட்னி அல்லது இதயப் பிரச்சினை என்றால் ஸ்டான்லி மருத்துவமனை. பெரம்பூர், கொளத்தூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பெரியார் நகர் அரசு மருத்துவமனை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நடக்க முடியாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அதற்கு முதலில் உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டும்.

கையில் ஒரு ஃபைல் வையுங்கள். அதில் ஆதார் நகல், பழைய ஓ.பி. சீட்டுகள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், வீட்டில் எடுத்த பிரஷர் கணக்கு, இப்போது போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள். ‘எல்லா’ என்பதில் மூட்டு வலி மாத்திரை, அசிடிட்டி மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி, சத்து மாத்திரை எல்லாம் அடங்கும். பதிவு செய்யும்போது சொல்ல ஒரு கைபேசி எண் வேண்டும். பெரியவர்களிடம் கைபேசி இல்லையென்றால் எப்போதும் ஒரே ஆளுடைய எண்ணைக் கொடுங்கள், மாற்றி மாற்றிக் கொடுத்தால் பழைய பதிவைத் தேட நேரமாகும்.

அரசு மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவு காலையில்தான். சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மாத்திரை வாங்க ஒரு வரிசை. ஏழரை மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்தால் மதியத்துக்குள் வீடு திரும்பலாம். ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தால் இட்லியைக் கட்டி எடுத்துப் போங்கள்.

வெறும் வயிறு என்றதும் காலை பிரஷர் மாத்திரையையும் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு வரிசையில் நின்று, களைத்து, மாத்திரை இல்லாத உடம்போடு பிரஷர் பார்த்தால் எண் ஏறித்தான் இருக்கும். அதைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதிவிடுவார். டாக்டர் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, அந்தக் காலையிலும் கொஞ்சம் தண்ணீரில் பிரஷர் மாத்திரையைப் போட்டுவிட்டுப் போங்கள். சுகர் மாத்திரை வேறு கதை, அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியாரில் கிரியாட்டினின் (கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), பொட்டாசியம், சோடியம் மூன்றையும் பார்க்கச் சில நூறு ரூபாய் ஆகும். ஆம்லோடிபினும் டெல்மிசார்டனும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் அவற்றின் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. மக்கள் மருந்தகத்திலும் 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். அங்கே கேட்கும்போது கம்பெனிப் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் சொல்லுங்கள்.

3. இளநீர், வாழைப்பழம், கீரை: ரத்தம் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்

எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. இந்த உணவுகளில் இருப்பது பொட்டாசியம். பொதுவாகப் பிரஷருக்கு அது நல்லது. ஆனால் சார்டன், பிரில், ஸ்பைரோனோலாக்டோன் ஆகிய மூன்றும் சிறுநீரில் போக வேண்டிய பொட்டாசியத்தைக் கிட்னி பிடித்து வைத்துக்கொள்ளும்படி செய்கின்றன. கிட்னி நன்றாக இருந்தால் தினம் ஒரு வாழைப்பழத்தால் ஒன்றும் ஆகாது, பயப்படவே வேண்டாம். கிட்னி தளர்ந்திருந்தாலோ, பல வருடச் சுகர் இருந்தாலோ, இந்த மூன்றில் இரண்டைச் சேர்த்துப் போட்டாலோ ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். மிகவும் ஏறினால் இதயத் துடிப்பே தடம் மாறும். வெளியில் ஒரு அறிகுறியும் தெரியாமல் ஏறக்கூடியது என்பதுதான் இதில் பயம்.

ஆகவே சார்டனோ பிரிலோ தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்துவிடுங்கள். அவசர வரிசையில் டாக்டர் எழுத மறந்தால் நீங்களே கேளுங்கள்: “டாக்டர், பொட்டாசியம் பாக்கணுமா?” பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருப்பது இயல்பு. அதற்கு மேல் போனால் எவ்வளவு பழம், எவ்வளவு கீரை என்று டாக்டர் சொல்வார். குறைக்கச் சொன்னவர்கள் கீரையையும் உருளைக்கிழங்கையும் நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கலாம். பொட்டாசியத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். மற்றவர்கள் கீரைத் தண்ணீரைக் கொட்டத் தேவையில்லை.

ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், ஃபுரோசமைடு போடுபவர்களுக்கு நிலைமை தலைகீழ். அவர்களுக்குப் பொட்டாசியம் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும். காலில் தசை இழுக்கும், உடம்பு அசதியாக இருக்கும். ஆயா சொன்ன வாழைப்பழம் இவர்களுக்குத்தான். ஆம்லோடிபின் மட்டும் போடுபவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவுமே கிடையாது.

இளநீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய டம்ளர் இளநீரில் ஏறக்குறைய ஒரு வாழைப்பழத்தின் அளவு பொட்டாசியம் இருக்கிறது. பழம் என்றால் ஒன்றோடு வயிறு நிறையும். இளநீர் அப்படியில்லை, அக்னி நட்சத்திர வெயிலில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று உள்ளே போய்விடும். சார்டன் போடும், கிட்னி தளர்ந்த பெரியவருக்கு அது சின்ன விஷயமில்லை.

இதைவிட ஆபத்தானது ‘சோடியம் குறைந்தது’ என்று போட்டு விற்கும் உப்பு. அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. பிரஷருக்கு நல்லது என்று பிள்ளைகள் ஆசையாக வாங்கி வந்து, வீடு முழுக்க அதிலேயே சமைப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தபோதே, கிட்னி கோளாறு உள்ளவர்களையும் பொட்டாசியம் வெளியேறாத நிலை உள்ளவர்களையும் அதிலிருந்து விலக்கித்தான் சொன்னது. சார்டன், பிரில், ஸ்பைரோனோலாக்டோன் போடுபவர்கள் டாக்டரிடம் அந்தப் பாக்கெட்டைக் காட்டாமல் வாங்காதீர்கள்.

4. உப்பு: எந்த மாத்திரையாக இருந்தாலும்

உப்பு கூடினால் நீர் மாத்திரையும் சார்டனும் பிரிலும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்ய முடியாது. மாத்திரை கேட்கவில்லை என்று இன்னொன்று சேர்ப்பார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தேக்கரண்டி வைத்து யாரும் சமைப்பதில்லை என்பதால் எங்கள் வீட்டில் வேறு வழி வைத்திருக்கிறோம். உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன்மேல் தேதியை எழுதிவிடுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். கடையில் சாப்பிடுவது, ஊறுகாய், கருவாடு எல்லாம் இதற்கு வெளியே இருப்பதால் உண்மையில் இன்னும் அதிக நாள் வர வேண்டும். ஒரு மாதத்தில் காலியானால் யாருடைய தட்டில் போகிறது என்று பார்க்க வேண்டியதுதான். கல் உப்பு, இந்துப்பு இரண்டும் இதே கணக்குதான். அவற்றிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடு.

நம் ஊரில் உப்பு ஒளிந்திருக்கும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது கருவாடு. காசிமேட்டுப் பக்கம் வாழ்பவர்களிடம் கருவாட்டை விடு என்று சொல்வது நடக்காத காரியம், நான் சொல்லவும் போவதில்லை. பெரிய மீன் கருவாடு உப்பில் போட்டுக் காய்ந்தது. நெத்திலி போன்ற சின்ன மீனில் உப்புப் போடாமல் வெயிலில் மட்டும் காயவைத்ததும் கிடைக்கும். விற்கும் அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள், நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும். உப்புக் கருவாடு என்றால் வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு முறை மாற்றி, குழம்புக்குத் தனியாக உப்புப் போடாமல் வையுங்கள்.

ஆடி மாதம் இன்னொரு சோதனை. கூழில் உப்பு, தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு, பக்கத்தில் மோர் மிளகாய், மாங்காய் ஊறுகாய். ஒரு சொம்பிலேயே ஒரு நாள் உப்பு முடிந்துவிடும். கூழை உப்பில்லாமல் கரைத்து வாங்கிக்கொண்டு, உப்பைத் தொடுகறிக்கு மட்டும் விட்டால் அம்மனுக்கும் குறையில்லை, உடம்புக்கும் குறையில்லை. சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளலாம்.

பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்), மாலை நேர பஜ்ஜி போண்டா, பேக்கரி பிஸ்கட், அப்பளம் எல்லாவற்றிலும் உப்போடு வேறு சோடியமும் சேரும். அப்பளத்திலும் போண்டாவிலும் சோடா உப்பு. அத்தோவிலும் ஃப்ரைடு ரைஸிலும் அஜினமோட்டோ. வயிறு உப்புசத்துக்குத் தண்ணீரில் போட்டால் நுரைக்கும் பொடி இருக்கிறதே, அதிலும் சோடியம்தான். கறி பிரியாணி சாப்பிட்டுவிட்டு அந்தப் பொடியையும் குடிப்பது இரட்டிப்புச் சுமை.

ஒரு எச்சரிக்கை. எழுபது வயதைத் தாண்டி, ஹைட்ரோகுளோரோதயசைடோ குளோர்தாலிடோனோ போடும் பெரியவர்களுக்கு உப்பே இல்லாத சாப்பாடு கொடுக்காதீர்கள். ரத்தத்தில் சோடியம் இறங்கிப்போய்த் தலைசுற்றல், தடுமாற்றம், பேச்சில் குழப்பம் வரும். பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் அதன் பிறகு படும் பாடு பெரிது. குறைத்துப் போடுங்கள், அறவே நிறுத்த வேண்டாம்.

5. நாட்டு மருந்தும் வலி மாத்திரையும்

பூங்கா நகர் ராசப்பச் செட்டித் தெருவில் கிடைக்காத சரக்கு இல்லை. அதில் பிரஷர்காரர்கள் விலக வேண்டிய ஒன்று உண்டு: அதிமதுரம். அதில் இருக்கும் கிளைசிரைசின் என்ற பொருள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பிரஷரை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும். எப்போதோ ஒரு துண்டு சுவைத்தால் அவ்வளவில்லை. தினம் கஷாயம் வைத்துக் குடிப்பதுதான் கெடுதல். நீர் மாத்திரையும் சேர்ந்தால் பொட்டாசியம் இன்னும் இறங்கும்.

இது எப்படி வீட்டுக்குள் வருகிறது என்று பாருங்கள். எனலாபிரில், ராமிபிரில் போடும் சிலருக்கு வறட்டு இருமல் வரும். அது மாத்திரையின் பக்கவிளைவு. சளி என்று நினைத்து அதிமதுரக் கஷாயம் குடிப்பார்கள். இருமலும் போகாது, பிரஷரும் ஏறும், மாத்திரை கூடும், இருமலும் கூடவே இருக்கும். பிரில் வகை தொடங்கிய பிறகு வந்த, சளியே இல்லாத இருமல் என்றால் கஷாயம் போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு வகைக்கு மாற்றிக் கொடுப்பார்.

சர்ப்பகந்தா கலந்த மருந்து பிரஷரை உண்மையிலேயே இறக்கும். அதனால்தான் அதை ஆங்கில மாத்திரையோடு நீங்களாகச் சேர்க்கக் கூடாது. சித்த மருத்துவரிடம் போவது உங்கள் விருப்பம். போகும்போது அந்த ஃபைலோடு போங்கள். முருங்கைக்கீரை சூப், பூண்டு, வெந்தயம் எல்லாம் சாப்பாடாகச் சாப்பிடலாம். அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களைப் பக்கவாதத்தோடு பார்த்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் மூன்றும் பிரஷரை ஏற்றும். சார்டன் அல்லது பிரில், கூடவே நீர் மாத்திரை, அதற்கு மேல் இந்த வலி மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால் கிட்னி திடீரென்று படுத்துவிடலாம். ஹார்பரிலும் மார்க்கெட்டிலும் சுமை தூக்குபவர்கள் வலி மாத்திரையைத் தினம் போடுகிறார்கள். அவர்கள் இதைக் கட்டாயம் டாக்டரிடம் பேச வேண்டும். மூக்கடைப்புக்குத் தரும் சளி மாத்திரைகளில் ஃபினைலெஃப்ரின் இருந்தால் அதுவும் பிரஷரை ஏற்றும். கடைக்காரரிடம் முதல் வார்த்தையாக “எனக்குப் பிரஷர் இருக்கு” என்று சொல்லிவிட்டு மாத்திரை கேளுங்கள்.

குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு: டாஸ்மாக் சரக்கானாலும் சுண்டக்கஞ்சியானாலும், மாத்திரையோடு சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். தொடர்ந்து குடித்தால் பிரஷர் ஏறும். “இன்னிக்குக் குடிச்சிருக்கேன், மாத்திரை வேணாம்” என்று விடுவதும் நடக்கிறது. அப்படி வாரத்தில் பாதி நாள் மாத்திரை போடாமல் போகும். இதை டாக்டரிடம் மறைக்காமல் சொன்னால் அதற்கு ஏற்ற மாத்திரையை எழுத முடியும்.

6. பழச்சாறு, பால், டீ

கிரேப்ஃப்ரூட் (திராட்சை இல்லை, பெரிய ஆரஞ்சு மாதிரியான பழம்) பற்றி எல்லாப் பட்டியலிலும் இருக்கும். நம் மார்க்கெட்டில் அது அபூர்வம். அதன் உறவுக்காரப் பழமான பம்ளிமாஸ் இங்கே கிடைக்கும், அதையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். நிஃபெடிபின், ஃபெலோடிபின் போடுபவர்களுக்கு இந்தப் பழங்கள் ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும், பிரஷர் அளவுக்கு மேல் இறங்கும். ஆம்லோடிபினில் இந்தப் பாதிப்பு மிகக் குறைவு. எலுமிச்சையும் சாத்துக்குடியும் இந்தக் கணக்கில் வராது. எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போடாமல் குடியுங்கள்.

அட்டெனலால் போடுபவர்கள் அதை ஆரஞ்சு ஜூஸோடு விழுங்கக் கூடாது, மருந்து உடம்பில் சேர்வது குறைந்துவிடும். தண்ணீரே போதும். பால், தயிர், டீ எதுவும் ஆம்லோடிபினையோ டெல்மிசார்டனையோ கெடுப்பதில்லை.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. சார்டன், பிரில் இரண்டும் கர்ப்பத்தில் கூடாது. நாள் தள்ளியிருந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். பிரஷருக்கு மெத்தில்டோபா என்ற மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் இரும்புச் சத்து மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். இரும்பு அந்த மருந்தை உடம்பில் சேரவிடாது. எத்தனை மணி நேரம் இடைவெளி என்று செவிலியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

7. எப்போது விழுங்குவது, நோன்பு நாளில் என்ன செய்வது

மெட்டோபிரலால் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே. ஆம்லோடிபின், டெல்மிசார்டன் எப்படிப் போட்டாலும் சரி. நீர் மாத்திரையைக் காலையில் போடுவது நல்லது, இல்லையென்றால் இரவு முழுக்க எழுந்துகொண்டிருக்க வேண்டும். காலையா இரவா என்று மற்ற மாத்திரைகளுக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம்: பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் வைத்துச் செய்து 2022-ல் வெளியான ஆய்வில், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மறக்காமல் இருக்கும் நேரம் எதுவோ அதுதான் சரியான நேரம். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடாதீர்கள். லால் வகையையும், குளோனிடின் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையையும் திடீரென்று நிறுத்தவே கூடாது, பிரஷர் எகிறிவிடும்.

ரமலான் நோன்பு வைப்பவர்கள் முதல் பிறைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள். ஒரு வேளை மாத்திரையாக மாற்ற முடிந்தால் மாற்றுவார், நீர் மாத்திரையின் நேரத்தை மாற்றுவார். நோன்புக் கஞ்சியில் உப்புக் குறைவாகப் போடச் சொல்லுங்கள். பள்ளிவாசல் கஞ்சி என்றால் கூடத் தொட்டுக்கொள்ளும் வடையையும் சமோசாவையும் குறைக்கலாம்.

வாந்தி, பேதி, கடும் வெயிலில் நீர் வற்றிப்போன நாள்: சார்டன், பிரில், நீர் மாத்திரை போடுபவர்கள் அன்றைய மாத்திரையைப் போடலாமா என்று உடனே கேளுங்கள். உடம்பில் நீர் இல்லாதபோது இவை கிட்னியைப் பாதிக்கும். ஓ.ஆர்.எஸ். கரைசலில் உப்பு இருக்கிறதே என்று அதைத் தவிர்க்க வேண்டாம். பேதி நாளில் அது தேவை.

8. வீட்டில் பிரஷர் பாருங்கள், எழுதி வையுங்கள்

சாப்பாட்டை மாற்றியது பலன் கொடுக்கிறதா என்று தெரிய இது ஒன்றுதான் வழி. மேல்கையில் சுற்றும் டிஜிட்டல் கருவி சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் கிடைக்கும். மணிக்கட்டில் கட்டுவதை வாங்காதீர்கள். கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை கேட்டு வாங்க வேண்டும். சின்னப் பட்டை எண்ணைக் கூட்டிக் காட்டும்.

டீ, காபி, பீடி, சிகரெட் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். கையை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும் முன் ஒரு வாரம் காலையும் மாலையும் எடுத்தால் போதும். வீட்டுச் சராசரி 135/85-க்கு மேல் இருந்தால் அது கூடுதல். எண்ணுக்குப் பக்கத்தில் அன்று கருவாடு, விருந்து, வலி மாத்திரை எதுவும் இருந்ததா என்று ஒரு வார்த்தை எழுதி வைத்தால் டாக்டருக்கு மிகவும் உதவும்.

9. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

பிரில் வகை போடுபவருக்கு உதடு, நாக்கு, முகம் வீங்கினால் அது இறால், நண்டு அலர்ஜி என்று நினைத்து வீட்டில் இருக்காதீர்கள். அந்த மாத்திரையே இதைச் செய்யக்கூடியது, மாத்திரை தொடங்கிப் பல மாதம் கழித்தும் வரலாம், மூச்சுக்குழாய் அடைத்துவிடும். அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கைகால் திடீரென்று விழுந்துபோவது, படபடப்போடு துடிப்பு தாறுமாறாக இருப்பது, மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சுக் குழறுவது: இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். இரவு நேரம், விடியட்டும் என்று யோசிக்காதீர்கள். எந்த வலியும் தொந்தரவும் இல்லாமல் பிரஷர் எண் மட்டும் 180/120-க்கு மேல் கூடியிருந்தால், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி எடுத்துப் பாருங்கள். அப்போதும் அதே அளவு என்றால் அன்றே டாக்டரைப் பாருங்கள். அவசரமில்லாத சந்தேகம், அதாவது இந்த மாத்திரையோடு இதைச் சாப்பிடலாமா என்பது போன்றது என்றால், 104 என்ற அரசு மருத்துவ ஆலோசனை எண்ணை அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். மாத்திரையின் பெயரையும் மில்லிகிராமையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.